கற்பூரம் மணக்காத பந்து

டேபிள் டென்னிஸ் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதி குனிவது. மீதி, குனிந்து எடுத்ததை எண்ணி டப்பாவில் போடுவது. இதைப் படிப்பவர்களில் கேரம் கிளப்பின் சாவியையோ கல்யாண மண்டபத்தின் சாவியையோ இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர் யாராவது இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். ஊர் விளையாடும், நாம் எண்ணிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஹால் திருவொற்றியூரில், கடலுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிறது. இரண்டு மேசை, ஒரு பீரோ, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள். நான் ஆறாவது வரை படித்தவள். பெருக்கத்தான் வந்தேன். பிறகு பந்து டப்பா என் கைக்கு வந்தது; அப்புறம் ஸ்கோர் அட்டையைத் திருப்பும் நாற்காலியும் வந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அட்டை திருப்புகிறவள் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போனது. அறுபதைத் தாண்டிய பிறகும் எல்லோருக்கும் நான் 'யக்கா'தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பந்து மாறியது. செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. இது ஒரு சேதியா என்று கேட்பீர்கள். அந்த வருடம் எங்கள் ஹாலில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

காது வைப்பது

பழைய பந்தை நகத்தால் சுரண்டி மூக்கருகே வைத்தால் கற்பூரம் மணக்கும். மேசையில் விட்டால் 'டொக்' என்று சுத்தமாக ஒரு சத்தம். விரிசல் விட்ட பந்து 'சட்' என்று தகரம் மாதிரிப் பேசும். அதனால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் பந்தை நெற்றி உயரத்திலிருந்து மேசையில் விடுவோம். ஆடுகிற இருவரும் நானும் காது வைப்போம். மூன்று தலையும் சரி என்று ஆடினால்தான் அது பந்து. ஆட்டத்தின் நடுவில் பந்து மேசையின் ஓரத்தை உரசினால் 'சிக்' என்று தனியாக ஒரு சத்தம் வரும். ஓரம் உரசினாலும் மேசையில் பட்ட கணக்குதான்; அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் சண்டையே கிடையாது, அடித்தவனுக்குப் புள்ளியைக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் காதுதான் எங்கள் கிளப்பின் பெருமை. வேற்று கிளப் ஆட்கள் வந்திருந்தால் எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு காது வைப்பார்கள்.

நசுங்கிய பந்துக்கு வைத்தியசாலை என்றால், ஹாலுக்கு எதிரே இருந்த ராணியின் டீக்கடைதான். ஒரு கிளாஸ் கொதிக்கிற தண்ணீர் வாங்கி, பந்தைப் போட்டுக் கரண்டியால் அமுக்கிப் பிடித்தால் போதும், உள்ளே போன குழி தானாக வெளியே வந்து நிற்கும். கடை மேடையில் நாலைந்து கிளாஸில் வெள்ளைப் பந்துகள் மிதக்கும். ராணி ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"போடு யக்கா, போடு. எவனாவது ஒருத்தன் அவிச்ச முட்டைன்னு எடுத்து கடிச்சி வெப்பான், அன்னிக்கு நீதான் பல்லு கட்டித் தரணும்."

ஆணி வரிசை

ஹாலின் வாசல் சுவரில் ஆணிகள் வரிசையாக அடித்திருக்கும். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தகரத் தகடு. தகட்டில் ஒரு பெயர். கிளப் செயலாளர், தேரடிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். தகடும் ஆணியும் அவர் கடைச் சரக்கு. மேல் ஆணிக்காரனைச் சவாலுக்கு அழைத்து ஜெயித்தால் அந்த ஆணி உங்களுக்கு. தோற்றவன் தன் தகட்டைத் தன் கையாலேயே கழற்றிக் கீழே மாட்ட வேண்டும். யாரும் உதவக்கூடாது, யாரும் சிரிக்கவும் கூடாது. லீக் பந்தயத்துக்குப் போவது மேலே உள்ள மூன்று ஆணிகள் மட்டும்.

முதல் ஆணி ஆரோக்கியத்தினுடையது. ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியவன். மற்றவர்கள் மேசையை ஒட்டி நின்று அடிப்பார்கள். இவன் சுவரோரம் போய் நின்றுகொண்டு, வருகிற பந்தின் அடிவயிற்றைச் சீவி அனுப்புவான். அதை நாங்கள் 'கட்' என்போம். பார்க்கப் பரிதாபமாக, மெதுவாக வரும் பந்து. தொட்டால் தலைகீழாக வலைக்குள் விழும். அவன் தகடு வருடக்கணக்காக நகராததால் அதன் பின்னால் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது.

ஒரு முறை நுங்கம்பாக்கத்திலிருந்து ஒருவர் நட்பாக ஆட வந்தார். ஆரோக்கியம் அனுப்பிய பந்தையெல்லாம் வரிசையாக வலையில் போட்டுவிட்டுத் தன் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பாபு வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவன், கைவேகமும் வாய்வேகமும் ஒன்றாக உள்ளவன். அவன் பெஞ்சிலிருந்தே சொன்னான்:

"பேட்ட இன்னா பாக்குற தலீவா? பேட் நல்லாத்தான் கீது. எதிர்ல நிக்கிற ஆள பாரு."

புது டப்பா

அந்த வருடம் லீக்கில் பிளாஸ்டிக் பந்துதான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி பிராட்வேக்குப் போய் ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். முதல் பந்தை நெற்றிக்கு உயர்த்தி விட்டேன். 'சட்.' விரிசல். உடைந்த பந்துக் கூடையில் போட்டேன். இரண்டாவதும் 'சட்'. பாபு கண்ணை மூடிக் காது வைத்தான், ஆரோக்கியம் காது வைத்தான், நானும் வைத்தேன். மூன்று தலையும் ஒரே மாதிரி இடவலமாக ஆடின. டப்பா காலியாகிக் கூடை நிறைந்தது. ஒரு பந்துகூடத் தேறவில்லை.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆணி விற்பவரிடமே வளைந்த ஆணியை விற்றுவிட்டார்களே என்ற கோபம். கூடையை என் மடியில் வைத்து ஆட்டோ பிடித்தார். கடைக்காரர் பொறுமையானவர். புதிதாக ஒரு டப்பாவைப் பிரித்து மேசையில் விட்டார். 'சட்.' இன்னொன்று, வேறு கம்பெனி. அதுவும் 'சட்'. மூன்றாவது டப்பாவைப் பிரிக்கும்போது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சிக்கும் புரிந்தது. அதற்குள் கடைக்காரர் சிரிக்காமல் சொல்லிவிட்டார்:

"பந்துல விரிசல் இல்ல அண்ணாச்சி. புதுப் பந்து பேசறதே இப்படித்தான். உங்க காதுக்குத்தான் மாத்து என்கிட்ட இல்ல."

முட்டை

கை பழகியதை மூளை தடுக்காது. ஒரு நாள் பாபு ஓங்கி அடித்ததில் புதுப் பந்து ஒன்று நசுங்கியது. பழக்கதோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு நேரே ராணி கடைக்குப் போய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அமுக்கினேன். குழி வெளியே வந்தது. வந்தது நிற்கவில்லை. ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, பந்து நீளவாக்கில் ஒரு மாதிரியாகிவிட்டது. மேசையில் உருட்டிப் பார்த்தேன். நேராகப் போகாமல் வளைந்து போய் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ராணி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்தாள். கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"நான் அன்னிக்கே சொல்லல? பாத்துக்கோங்க, முட்டையே வந்துடுச்சி!"

மிதந்த கட்

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. புதுப் பந்து எண்ணெய் தடவிய கைக்குள் நிற்காத மீன் மாதிரி ஆரோக்கியத்தின் பேட்டிலிருந்து வழுக்கியது. அவன் அதே மாதிரிதான் சீவினான். ஆனால் பந்தில் சுழற்சி ஏறவில்லை. வலையில் விழ வேண்டியது, எதிராளியின் முன்னால் உயர எழும்பி, 'அடித்துக்கொள்' என்று மிதந்தது. எதிராளிகளும் அடித்துக்கொண்டார்கள். முதல் ஆணி போயிற்று. அடுத்து இரண்டாவது. மூன்றாவது ஆணிக்குப் பாபு சவால் விட்டு, மூன்றே கேமில் முடித்தான்.

ஆரோக்கியம் ஸ்டூலில் ஏறித் தன் தகட்டைக் கழற்றி நாலாவது ஆணியில் மாட்டினான். முதல் ஆணிக்கருகே அவன் தகடு இருந்த வெள்ளைச் சதுரம், அளவு சின்னதான புதுத் தகட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லீக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அவன் இல்லாமல் எங்கள் கிளப் லீக்குக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. சுவரைப் பார்க்காமல் அட்டையைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தேன். வழக்கப்படி யாரும் உதவவில்லை, சிரிக்கவும் இல்லை. பாபுவுக்குத்தான் வாய் நிற்காதே. "இன்னா மாமு, பந்து சரியில்லன்னு சொல்லப்போறியா?" என்றான். ஆரோக்கியம் ஸ்டூலைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னான்:

"பந்து மேல இன்னாத்துக்குடா பழி? எனுக்கு அது புதுசு, அதுக்கு நானும் புதுசு. பழகட்டும்."

வெளியே நின்ற டப்பா

எங்கள் ஹாலில் ஆயுதபூஜை விமரிசையாக நடக்கும். மேசைகளைக் கழுவித் துடைத்து, பேட்டுகளை அடுக்கி, வலைக்குக்கூடப் பொட்டு வைப்போம். ஆரோக்கியம் கர்த்தரைக் கும்பிடுகிறவன், ஆனாலும் அவன் பேட்டுதான் முதலில் வந்து சேரும். ஒன்றுக்கு மட்டும் உள்ளே இடமில்லை: பந்து டப்பா. செல்லுலாய்டு ஒரு தீப்பொறி பட்டாலே குபீரென்று பற்றிக்கொள்ளும். அதனால் சூடம் காட்டும் நேரத்தில் நான் டப்பாவை அணைத்துக்கொண்டு தெருவில், ராணி கடை வாசலில் நிற்பேன். தீபம் அணைந்த பிறகு யாராவது வந்து டப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து விபூதி பூசிவிட்டுப் போவார்கள். ஒரு வருடம்கூட நான் எங்கள் ஹாலின் தீபாராதனையைப் பார்த்தது கிடையாது.

அந்த வருடமும் பழக்கத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டேன். அண்ணாச்சி கையில் மணியோடு நின்று என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, எனக்குக் கால் கூசியது. புதுப் பந்து அப்படிப் பற்றிக்கொள்ளாது என்று, டப்பாவை வாங்கி முன்வரிசையில், பேட்டுகளுக்கு நடுவில் வைத்தார். தட்டு மட்டும் கொஞ்சம் எட்டியே சுற்றியது, பழைய பயம் அவருக்கும் முழுதாகப் போகவில்லை. அதுவரை பந்தில் மணத்த கற்பூரம் அன்றைக்குத் தட்டில் மணத்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தன வருசமும் வெளியவே நின்னுட்டியளே. பந்த மட்டும் சொல்லலம்மா, ஒங்களயும்தான். முன்னால வாங்க."

நிற்கிற பந்து

பூஜைக்குப் பிறகு ஆரோக்கியம், இரவு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் காலையில் நேரே ஹாலுக்கு வர ஆரம்பித்தான். மேசையின் ஒரு பாதியைச் சுவர் போல நிமிர்த்திவிட்டால் தனியாளாகவே ஆடலாம். நான் பெருக்கிக்கொண்டே பந்து பொறுக்கிப் போடுவேன். முதலில் சுவரோரம் நின்று கட் மேல் கட்டாகப் போட்டான், இன்னும் ஓங்கி, இன்னும் ஆழமாக. தோள் வீங்கியதுதான் மிச்சம். பந்து மிதப்பதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் பேட்டைக் கீழே வைத்துவிட்டு, பந்து துள்ளுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்தது, எழுந்தது, மேலே போய் ஒரு கணம் தயங்கியது. திரும்பத் திரும்ப அதையே செய்தான். அதன் பிறகு சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். மறுநாள் இன்னும் ஓரடி. இத்தனை வருடம் பின்னாலேயே நின்ற மனிதன் மேசைக்குப் பக்கத்தில் வருவதைப் பார்க்க, செருப்பைக் கால் மாற்றிப் போட்டவனைப் பார்ப்பது போலவே இருந்தது. இரண்டு பந்தைக் கட் செய்தான். மூன்றாவதற்குச் சட்டென்று பாய்ந்து ஓங்கி அடித்தான். பந்து என் துடைப்பத்தைத் தாண்டிப் பீரோவில் மோதியது. நாற்பது வயதுக்கு மேல் அவன் அடித்து நான் பார்த்த முதல் ஸ்மாஷ் அது. அவனே கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டான்.

"அங்க ஹார்பர்ல கன்டெய்னர் ஆடுச்சின்னா தொரத்தினு போவமாட்டேன் யக்கா, நிக்கிற எடத்துல புடிப்பேன். இந்தப் பந்தும் மேல போயி நிக்குது. நிக்கிறத இன்னாத்துக்கு சீவினு கெடக்கணும்? ஏறி ஒண்ணு போட்டா முடிஞ்சிது."

ஓரம்

லீக்குக்குப் பெயர் கொடுக்க வேண்டிய வாரத்தில் ஆரோக்கியம் மூன்றாவது ஆணிக்குச் சவால் விட்டான். ஆணிக்காரன் பாபு. தோற்றால் அந்த வருடம் லீக் இல்லை என்பது ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ராணிகூடக் கடையை அவள் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து ஜன்னலில் நின்றாள். பந்தை மேசையில் விட்டு மூன்று பேரும் காது வைத்தோம். 'சட்.' மூன்று தலையும் மேலும் கீழும் ஆடின. அதற்குள் எங்களுக்கும் அந்தப் பேச்சு பழகியிருந்தது.

பாபு இரண்டு கேம் எடுத்தான், ஆரோக்கியம் இரண்டு. ஐந்தாவது கேமில் ஒருவரை ஒருவர் விடவில்லை. பின்னால் போய்க் கட் போடுவான் என்று பாபு எதிர்பார்த்தால் இவன் முன்னால் ஏறி அடித்தான். அடிப்பான் என்று விலகி நின்றால் மெல்லச் சீவினான். அட்டை பத்துக்கு ஒன்பது என்று நின்றது. ஆரோக்கியத்துக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டும். பாபு இழுத்து அடித்த பந்து மேசைக்கு மேலாகப் பறந்து ஆரோக்கியத்தின் இடுப்பைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது. வெளியே! பெஞ்சே எழுந்து கத்தியது. பாபு பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலைத் தேட ஆரம்பித்தான். நான் பதினொன்று அட்டையைப் பாதி திருப்பிவிட்டேன்.

"யக்கா, நிறுத்து." ஆரோக்கியம் கையைத் தூக்கியிருந்தான். "என் பக்கத்து ஓரத்துல பட்டுது. பாயின்ட் அவனுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழைய பந்தாக இருந்தால் 'சிக்' என்று கேட்டிருக்கும், ஹால் முழுவதும் ஒப்புக்கொண்டிருக்கும். இந்தப் பந்தில் அந்தச் சத்தமே இல்லை. யாருக்கும் கேட்கவில்லை, பாபுவுக்கும் தெரியவில்லை. மேசைக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்ற ஒருவனுடைய கண்ணுக்கு மட்டும் பந்து துளி விலகியது தெரிந்திருக்கிறது. அவசரத்தில் அட்டையின் ஓரம் கிழிந்துவிட்டது. பாதியில் நின்ற அட்டையைத் திரும்ப மடித்துவிட்டு, பாபு பக்கம் பத்து என்று திருப்பினேன். அந்த ஹாலில் நான் திருப்பிய அட்டைகளிலேயே எனக்கு அதிகப் பெருமை தந்தது அதுதான்.

பத்துக்குப் பத்து. இனி இரண்டு புள்ளி முந்துகிறவனுக்கே ஆட்டம். அடுத்த பந்து நெடுநேரம் போயிற்று. ஆரோக்கியம் சீவிச் சீவி அனுப்பினான். கடைசியில் பாபு வலையில் போட்டான். அதற்கடுத்தது பாபு தூக்கிவிட்ட பந்து. மேலே எழுந்து ஒரு கணம் நின்றது. ஆரோக்கியம் ஏறி அடித்தான். அது எங்கே பட்டது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு திருப்பினேன். ஜன்னலில் ராணி கரண்டியால் கம்பியைத் தட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாபு ஸ்டூலில் ஏறித் தன் தகட்டைக் கழற்றினான். நாலாவது ஆணியில் மாட்டிவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றான். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்றுதான் எங்கள் வழக்கம், தோற்றவன் சிரிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்:

"ஒனக்கு இன்னா மாமு பேஜாரு? வாய மூடினு இருந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். யக்கா கைல அட்டையும் கிழிஞ்சிருக்காது, எனுக்கு டீயும் ஆறிருக்காது. சரி, லீக்குக்கு ஒன் பேக்க நான்தான் தூக்கினு வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

செல்லுலாய்டோ பிளாஸ்டிக்கோ, அடித்த பந்து கடைசியில் உருண்டு போவது பீரோவுக்கு அடியில்தான். எல்லாவற்றையும் மாற்றிய லீக்காரர்கள் அதை எடுக்கக் குனிகிற என் முதுகுக்கு மட்டும் இன்னும் ஒரு மாற்று அனுப்பவில்லை.